'கருக்கலைப்புக் கும்பல்' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்குள் ஸ்கேன் கருவி வைத்து ஆணா பெண்ணா என்று சொன்னவர்கள் பிடிபடும்போதெல்லாம், 'கருக்கலைப்புக் கும்பல் கைது' என்றே நாளிதழ்கள் தலைப்பிடுகின்றன. அவர்கள் செய்த குற்றங்கள் வேறு. கருவின் பாலினத்தைச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தகுதியில்லாதவர் கருவைக் கலைப்பதும் குற்றம். வரம்புக்கு உட்பட்டு, பதிவுபெற்ற டாக்டர், அங்கீகாரமுள்ள இடத்தில் செய்யும் கருக்கலைப்பை 1971-ஆம் ஆண்டுச் சட்டமே அனுமதிக்கிறது.

தலைப்பை மட்டும் படிக்கும் பெண், அரசு ஆஸ்பத்திரியில் கேட்டால் போலீஸ் வரும் என்று பயப்படுகிறாள். மெடிக்கலில் ரகசியமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். ஒன்பது வாரத்தைத் தாண்டிப் போட்டால், கரு பாதி வெளியேறி மீதி உள்ளே தங்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

அயர்லாந்தில் இதே விஷயத்தை மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். நமக்கு வாக்கெடுப்பு இல்லை; ஆனால் விளக்கிச் சொல்வதை அவர்களிடம் கற்கலாம். கருவின் உயிருக்கும் தாயின் உயிருக்கும் சம உரிமை என்ற பிரிவை 1983-இல் 66.9 சதவீதம் பேர் அரசியல் சாசனத்தில் சேர்த்தார்கள். நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தின் பெலகாவியிலிருந்து போன பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கரு கலையத் தொடங்கியும் கலைத்துவிட மறுக்கப்பட்டு, 2012 அக்டோபர் 28 அன்று கால்வேயில் ரத்தத்தில் நச்சேறி இறந்தார். 2018 மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் அந்தப் பிரிவை நீக்கினார்கள்.

வாக்குச்சீட்டில் 12 வாரம் வரை கருவைக் கலைக்கலாம் என்ற பேச்சே கிடையாது. அந்தப் பிரிவை எடுத்துவிட்டு, கருக்கலைப்பை முறைப்படுத்த சட்டம் இயற்றலாம் என்ற வரியைச் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. 12 வாரம், கலைக்கும் முன் மூன்று நாள் காத்திருப்பு எல்லாம் அரசு முன்கூட்டியே வெளியிட்ட வரைவில் இருந்தன. இரு தரப்பும் கம்பத்துக்குக் கம்பம் போஸ்டர் கட்டிய நேரத்தில், எந்தப் பக்கமும் சாயாத வாக்கெடுப்பு ஆணையம், எதற்கு வாக்களிக்கிறீர்கள் என்பதை மட்டும் விளக்கி வீடுவீடாகக் கையேடு அனுப்பியது. நம் ஊர்ச் சுவர்களில் இல்லாதது அதுதான்.

வாரக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் இங்கும் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். நம் பெண்கள் நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். "நாள் தள்ளி ரெண்டு மாசம்" என்றால் எட்டு வாரம் என்று நினைப்பு. 28 நாள் சுழற்சிக்கு அது பன்னிரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டது. மாத்திரைக்கான காலம் போயே போய்விட்டது.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பென்னாகரம், அஞ்செட்டி பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியர் இந்தக் கணக்கைக் காலண்டரைக் கையில் வைத்தே காட்டலாம். நம் சட்டப்படி, கருவைக் கலைக்க இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். கருத்தடை பலிக்காமல் போனதும் சட்டம் ஏற்கும் காரணம். இருபதிலிருந்து 24 வாரம் வரை, சட்டம் குறிப்பிடும் பிரிவினருக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள். இதில் மணமாகாதவர்களையும் விலக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதினெட்டு வயது நிரம்பியவளுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று கேட்கிற வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல பெண்கள் திரும்பிப் போவதே இதனால்தான்.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் 'பாலினம் சொன்ன கும்பல் கைது' என்று தலைப்பிடுங்கள். செய்திக்கு அடியில், டாக்டரிடம் செய்துகொள்ளும் கருக்கலைப்பு சட்டப்படியானது என்ற ஒரு வரியையும், விவரம் கேட்க 104 என்ற எண்ணையும் போடுங்கள்.

– ஒரு வாசகர், பாலக்கோடு