ஆயுதம் செய்து வளர்ந்த நாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உக்ரைன் போருக்காக மேலை நாடுகள் போட்ட தடைகளை மீறி ரஷ்யப் பொருளாதாரம் 2023, 2024 ஆண்டுகளில் 4 சதவீத அளவுக்கு வளர்ந்தது, ஆயுத உற்பத்திதான் அதற்குக் காரணம் என்று தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கணக்கு சரிதான். விதைநெல்லை விற்றுத் தேர்த் திருவிழா நடத்தினாலும் ஊர் களைகட்டத்தான் செய்யும்.

2024இல் அந்த நாட்டு அரசுச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ராணுவத்துக்கே போனது. விலைவாசியை அடக்க அந்த அக்டோபரில் மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக்கியது. எங்கள் பக்கக் கணக்கில் நூற்றுக்கு மாதம் ஒண்ணேமுக்கால் ரூபாய்! சொந்தப் பணத்துக்குச் சொந்த அரசு வைத்த வட்டி இது. போதாதென்று 2026 ஜனவரியிலிருந்து மதிப்புக் கூட்டு வரியும் 20லிருந்து 22 சதவீதம்.

ஜப்பானும் இப்படித்தான் போனது. 1931இல் சீனாவின் மஞ்சூரியாப் பகுதியைப் பிடித்த பிறகு, அரசுக் கடன் பத்திரங்களை மத்திய வங்கி தலையில் கட்டித்தான் ராணுவத்துக்குப் பணம் புரட்டினார்கள். அந்த வழியைத் திறந்துவிட்ட நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோவே பிறகு ‘போதும், குறையுங்கள்’ என்றார். 1936 பிப்ரவரி 26 அன்று ராணுவ அதிகாரிகள் வீடு புகுந்து அவரைக் கொன்றார்கள். மறுபடி கையைப் பிடிக்க ஆளில்லை. அடுத்த ஆண்டே சீனாவோடு முழுப் போர்.

அந்தப் போர்ச் செலவின் கடைசிச் சீட்டு எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போன என் தாத்தாவுக்கு, இரண்டாம் உலகப்போரில் அந்த நாட்டைப் பிடித்த ஜப்பான்காரர்கள் கூலியாகக் கொடுத்த பத்து டாலர் நோட்டுகள். ஒரு பக்கம் வாழைமரப் படம். வரிசை எண் கிடையாது, இரண்டு எழுத்து மட்டும். எத்தனை அச்சடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. 1945இல் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் அது செல்லாக்காசு. படையெடுத்தவன் செலவை, பால்மரம் வெட்டியவன் ஏற்றுக்கொண்டான்.

இப்போதும் பில் நம் தலைக்கு வராமல் இல்லை. நம் நாட்டுக்குப் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. உலகச் சந்தையில் ரஷ்யாவும் பெலாரஸும் பெரிய கைகள். உக்ரைன் போர் தொடங்கிய 2022இல் மூட்டை 1,700 ரூபாய்க்குப் போனது. மணிச்சத்து உரமான டி.ஏ.பி.க்கு மானியத்தைக் கூட்டி அரசு தாங்கிப் பிடித்தது. அதுவும் நம் வரிப்பணம்தான். எங்கள் ஊரில் பலர் சம்பாவுக்குப் பொட்டாஷைப் பாதியாகக் குறைத்தார்கள், சிலர் போடவே இல்லை. பொட்டாஷ் குறைந்தால் பதர் கூடும், பயிர் சாயும். கட்டுரையாளர் அடுத்த முறை ரஷ்யாவின் வளர்ச்சி விகிதத்தை எழுதும்போது, டெல்டா உரக்கடை விலைப்பலகையையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.