ஆறு மாதச் சிகிச்சையும் ஏ.ஆர்.டி.யும்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தி அறிந்து இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவருக்கு ரிஃபாம்பிசின் என்னும் முதன்மைக் காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தால், புதிய ஆறு மாதச் சிகிச்சையை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்கலாம், ஆனால் இரு நோய்களுக்கும் இருவர் தனித்தனியே மருந்துச் சீட்டு எழுதும் வழக்கத்தை முதலில் விட வேண்டும்.

உன் தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. தென்னாப்பிரிக்காவின் டுகேலா ஃபெர்ரி என்ற சிற்றூரில் 2005-06இல் தீவிர மருந்து எதிர்ப்புக் காசநோய் (முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் கட்டுப்படாத வகை) கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். பரிசோதிக்கப்பட்ட 44 பேருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. சளி எடுத்த நாளிலிருந்து ஏறத்தாழ 16 நாட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தையே உண்டதில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. மருந்தை இடையில் நிறுத்தியதால் வந்த எதிர்ப்பல்ல அது. எதிர்ப்புப் பெற்ற கிருமியே, பெரும்பாலும் மருத்துவமனையில் வைத்தே, நேராகத் தொற்றியிருக்கிறது. நோயாளியின் ஒழுங்கீனம் என்று நாம் எத்தனை முறை எளிதாக எழுதியிருக்கிறோம்!

அதே நாட்டில் பெடாகுவிலின், பிரிட்டோமானிட், லைன்சோலிட் என்ற மூன்று மருந்துகளையும் சேர்த்து 109 பேருக்குக் கொடுத்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. அவர்களில் பாதிப் பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள், அப்படியிருந்தும் பத்தில் ஒன்பது பேருக்குச் சிகிச்சை பலனளித்தது. இவற்றுடன் மாக்சிஃபிளாக்சசினையும் சேர்த்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

இனி நீ கவனிக்க வேண்டியவை. எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரன்ஸ் பெடாகுவிலினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே பழைய நோயாளிகள் எவரேனும் இன்னும் அதை உண்டால் டோலுடெக்ராவிர் என்ற மற்றோர் எச்.ஐ.வி. மருந்துக்கு மாற்றிவிடு. சாதாரணக் காசநோயில் ரிஃபாம்பிசினுக்காக டோலுடெக்ராவிரை இருவேளை கொடுக்க நேர்கிறதே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. லைன்சோலிட் இரத்த உற்பத்தியைத் தாக்கும், பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தரும். எச்.ஐ.வி. மருந்தான சிடோவுடினும் உடனிருந்தால் இரத்தசோகை கடுமையாகும். ஈ.சி.ஜி.யையும் இடையிடையே பார்க்க வேண்டும். ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையை இன்னும் தொடங்காதவர் என்றால், காசநோய் மருந்து உடம்புக்குப் பழகியதும், எப்படியும் முதல் எட்டு வாரங்களுக்குள், தொடங்கிவிடு. அதன் பிறகு காய்ச்சலும் நெறிகட்டலும் கூடினால், எதிர்ப்பாற்றல் மீள்வதால் வரும் அழற்சியாகவும் இருக்கலாம்; உடனே மருந்து தோற்றது என்று எண்ணிவிடாதே. மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயில் மட்டும் ஏ.ஆர்.டி. தொடங்கும் காலக் கணக்கு வேறு.

பழைய காசநோய்ச் சிகிச்சையில் போட்ட கனமைசின் ஊசியால் காது கேளாமல் போனவர்களை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். அவ்வாறு செவித்திறனை இழந்த நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் எதிர்த்து மனுச் செய்ததன் பயனாகத்தான், பெடாகுவிலின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பம் 2023 மார்ச்சில் இந்தியாவில் நிராகரிக்கப்பட்டது.

நீ குறிப்பிட்ட நோயாளியின் சி.டி.4 (நோயெதிர்ப்பு அணு) எண்ணிக்கையையும் ஹீமோகுளோபினையும் அடுத்த கடிதத்தில் எழுது. லைன்சோலிட் அளவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்,
இராமநாதன்