நைட் டியூட்டி சிஸ்டருக்கு நன்றி

அப்பாவுக்கு சர்க்கரை ஒரு நாள் 300-ஐத் தாண்டும். மறுநாள் 60-க்கு இறங்கி வியர்த்துக் கொட்டும். இன்சுலின் அளவை ஏற்றி இறக்கியும் பிடிபடாமல், கீழ்ப்பாக்கம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

சிஸ்டர், ஊசியைப் போட்டுவிட்டு நீங்கள் அடுத்த பெட்டுக்குப் போயிருக்கலாம். அப்பாவின் வயிற்றைத் தடவிப் பார்த்தீர்கள். தொப்புளுக்கு வலப்பக்கம் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு தடிப்பு.

"இங்கேயேதான் குத்திக்கிறீங்களாப்பா?"

"அங்கதாம்மா வலிக்காது."

அந்த இடத்தில் கொழுப்பு கட்டிவிட்டது, அதில் போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது என்றீர்கள். மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து வயிற்றை வரைந்து நான்காகப் பிரித்தீர்கள்: வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் தள்ளி. கூடவே அம்மாவிடம், 70-க்குக் கீழே போனால் மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க, பிஸ்கட் எல்லாம் அப்புறம் என்று. அம்மாவைத் திருப்பிச் சொல்லவும் வைத்தீர்கள் (அம்மாவிடம் அது லேசுப்பட்ட காரியமில்லை!).

இடம் மாற்றினால் மருந்து முழுசாக ஏறும், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் எடுத்துச் சொன்னதும் நீங்கள்தான். குறைத்தார்.

டிஸ்சார்ஜ் அன்று உங்களுக்கு வீக் ஆஃப். பெயர்கூடத் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு அப்பா வியர்த்து எழுந்து இப்போது வெகு நாளாச்சு, சிஸ்டர். அங்கே வேலை பார்ப்பவர்கள் யாராவது படித்தால் இதை அவரிடம் காட்டுங்கள்.