பாலுவுக்கு, வாயேஜர் கணக்குகள் பற்றி

அன்புள்ள பாலு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரின் ஏழு சீசன்களையும் பார்த்துவிட்டு, லாஜிக் ஓட்டைகளை நாலு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். வாயேஜர் என்ற விண்கப்பலை ஒரு அந்நிய நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம் இழுத்துப் போட்டுவிடுகிறது, அது பூமிக்குத் திரும்புவதுதான் மொத்தக் கதையும். அவற்றில் பாதி எனக்கு ஓட்டையாகத் தெரியவில்லை. மீதிப் பாதியில் நீ எழுதியதைவிடப் பெரிய ஓட்டை இருக்கிறது.

ஒளியை மிஞ்சி ஒரு கப்பல் போவதே அபத்தம் என்று ஆரம்பித்திருக்கிறாய். அது தொடர் நம்மிடம் கேட்கும் கடன், முதல் நாளே கொடுத்துவிட வேண்டியதுதான். ஆளை ஓரிடத்தில் துகள்களாகப் பிரித்து இன்னோரிடத்தில் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டரில் ‘ஹைசன்பர்க் காம்பன்சேட்டர்’ என்று ஒரு பாகம் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்களுக்கு, தொடரின் வடிவமைப்பாளர் மைக்கேல் ஒகுடா “ரொம்ப நன்றாக வேலை செய்கிறது” என்று பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதும். தொடர் தன் வாயால் ஒரு எண்ணையோ விதியையோ சொல்லிவிட்டு, பிறகு அதையே மறந்துபோனால்தான் எனக்குக் கோபம் வரும்.

70,000 ஒளியாண்டு, 75 வருஷப் பயணம் என்ற கணக்கு உதைக்கிறது என்கிறாய். போட்டுப் பார்க்கலாம். வகுத்தால் வருஷத்துக்கு 933 ஒளியாண்டு, அதாவது ஒளியைப்போல் 933 மடங்கு வேகம். ‘வார்ப்’ என்பது ஒளியை மிஞ்சிய வேகத்துக்கு இந்தத் தொடர்களின் அளவுகோல். தொடரின் தொழில்நுட்பக் கையேட்டின்படி வார்ப் 8 என்பது 1,024 மடங்கு, வார்ப் 9 என்பது 1,516 மடங்கு. கப்பலின் உச்ச வேகம் வார்ப் 9.975 என்றாலும் எந்த எஞ்சினையும் 75 வருஷம் உச்சத்திலேயே ஓட்ட முடியாது. சராசரியாக வார்ப் 8-க்குக் கொஞ்சம் கீழே என்று வைத்தால் கணக்கு சரியாக வந்துவிடுகிறது. முதல் எபிசோடில், கப்பலை இழுத்துப் போட்ட அந்த நிலையத்தில் டைமர் குண்டு வைத்துவிட்டு ஏன் ஊர் திரும்பவில்லை என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. திரும்பும் இயந்திரத்தை இயக்கப் பல மணி நேரம் ஆகும் என்று கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டூவாக் சொல்கிறார். வெளியே எதிரிகளான கேஸான் இனத்தின் கப்பல்கள் சுட்டுக்கொண்டிருக்கின்றன. அவ்வளவு நேரம் யார் தாக்குப்பிடிப்பது? இன்னும் ஒரு வரி வசனம் இருந்திருக்கலாம், அவ்வளவுதான்.

டார்பீடோ விஷயத்தில் நீ சொல்வது முழுக்கச் சரி. முதல் சீசனில் ‘தி கிளவுட்’ எபிசோடில், கையிருப்பு 38, தீர்ந்தால் வேறு கிடைக்காது என்று தெளிவாகச் சொல்கிறார்கள். தொடர் முடிவதற்குள் சுட்டது அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. இத்தனைக்கும் 1998-இல் இதே ஆட்கள் ‘டெல்டா ஃப்ளையர்’ என்று ஒரு புது ஷட்டிலையே, அதாவது சிறு கப்பலையே, கப்பலுக்குள் கட்டுகிறார்கள். ஷட்டில் கட்டத் தெரிந்தவர்களுக்கு டார்பீடோ செய்ய வராதா? “உறையை நாமே வார்த்துவிட்டோம், எதிர்ப்பொருளை இன்ன இடத்தில் பண்டமாற்றாக வாங்கினோம்” என்று தலைமை எஞ்சினியர் பெலானா பத்து விநாடி பேசியிருந்தால் ஓட்டை அடைபட்டிருக்கும். அந்தப் பத்து விநாடியை யாரும் எழுதவில்லை.

இனி அந்தப் பல்லி எபிசோடு. 1996 ஜனவரியில் வந்த ‘த்ரெஷோல்டு’. நீ பரிணாமத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். மனிதன் போகப்போக இன்ன உருவத்துக்குத்தான் வந்து சேருவான் என்று பரிணாமத்தில் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனால் பெரிய ஓட்டை அங்கே இல்லை. நடந்ததை வரிசையாக வைத்துப் பார். வார்ப் எஞ்சினுக்கு வேண்டிய படிகமான டைலித்தியத்தில் ஒரு புது வகை கிடைக்கிறது. அதை வைத்துக் கப்பலின் ஓட்டுநர் டாம் பாரிஸ் ஷட்டிலை வார்ப் 10-க்கு, அதாவது எல்லையற்ற வேகத்துக்குக் கொண்டுபோகிறான். ஒரே கணத்தில் பிரபஞ்சத்தின் எல்லா இடத்திலும் இருக்கிறான், கப்பலுக்குத் திரும்பியும் வந்துவிடுகிறான். பிறகு உடம்பு மாறத் தொடங்குகிறது. கேப்டன் ஜேன்வேயைத் தூக்கிக்கொண்டு மறுபடி பறக்கிறான். இருவரும் வழுவழுப்பான பல்லி போன்ற பிராணிகளாகி, மூன்று குட்டிகள் போட்டு, கடைசியில் கப்பலின் டாக்டர் கையால் பழையபடி மனிதர்களாகிறார்கள்.

இப்போது சொல், வண்டி ஓடுகிறது. பக்கவிளைவு வர நேரம் பிடிக்கிறது. அதற்கு மருந்தும் இருக்கிறது. மருந்து கொடுக்கும் டாக்டர் ஹாலோகிராம், அதாவது கணினி ஒளியால் காட்டும் உருவம், அவருக்கு டி.என்.ஏ. கிடையாது, மாறவும் மாட்டார். அப்புறம் ஏன் இன்னும் ஐந்து சீசன் பயணம்? சுமார் 150 பேரை ஷட்டிலில் தவணை தவணையாகக் கொண்டுபோக முடியாது என்றே வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஆள், பெட்டி நிறையக் கப்பலின் பதிவேடுகளோடு பூமிக்குப் போய், “நாங்கள் உயிரோடு இருக்கிறோம்” என்று சொல்லியிருக்கலாமே! ஊரோடு முதல் பேச்சு நடக்க அவர்கள் 1998-இன் ‘மெசேஜ் இன் எ பாட்டில்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதையும் ஒரு வரியில் அடைத்திருக்கலாம்: இரண்டாவது பறத்தலில் படிகம் பொடியாகிவிட்டது, வேறு கிடையாது. அந்த எபிசோடு ஒப்பனைக்காக எம்மி விருது வாங்கியது. விருதுக்குத் தகுந்த ஒப்பனைதான். அவ்வளவு நுணுக்கமாக உழைத்த கைகளுக்காகவாவது கதையை இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும்.

இது வாயேஜரோடு பிறந்த நோய் இல்லை. அதற்கு முந்தைய ஸ்டார் ட்ரெக் தொடரான ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’-இல் 1989-இல் டாக்டர் புலாஸ்கி ஒரு நோயால் வேகமாகக் கிழவியாகிறார். அவருடைய சீப்பில் இருந்த முடியிலிருந்து பழைய டி.என்.ஏ.வை எடுத்து, டிரான்ஸ்போர்ட்டர் வழியாக அனுப்பி, பழைய உடம்பையே மீட்கிறார்கள். 1992-இல் ‘ராஸ்கல்ஸ்’ எபிசோடில் அதே இயந்திரம் கேப்டன் பிக்கார்டைச் சிறுவனாக்கி, மறுபடி பெரியவராக்குகிறது. இரண்டையும் சேர்த்தால் மூப்புக்கும் நோய்க்கும் மருந்து கப்பலிலேயே இருக்கிறது, ஆளுக்கு ஒரு முடி எடுத்து வைத்தால் போதும். அதற்குப் பிறகும் அந்தத் தொடரில் நோயும் மூப்பும் வந்துகொண்டேதான் இருக்கின்றன! யாரும் அந்த முடியை நினைத்துப் பார்ப்பதில்லை.

ஏன் மறக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்து இரண்டு காரணம். அந்தக் காலத்தில் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஊருக்கு ஊர் தனித்தனி நிலையங்களுக்கு விற்கப்பட்டது. மறு ஒளிபரப்பில் எந்த எபிசோடு எந்த வரிசையில் வந்தாலும் புதிதாகப் பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு கதையும் முடியும்போது எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அந்தப் பழக்கம் வாயேஜருக்கும் தொற்றியது. இரண்டாவது காரணம் எழுதும் முறை. வசனத்தில் அறிவியல் சொல் வர வேண்டிய இடத்தில் எழுத்தாளர்கள் ‘டெக்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அங்கே வேலை பார்த்த ரொனால்ட் மூர் சொல்லியிருக்கிறார். அறிவியல் ஆலோசகர் பிறகு அந்த இடத்தை நிரப்புவார். அப்படிக் கடைசியில் ஒட்டிய தீர்வு கதையின் சதையோடு சேராது. எழுதியவருக்கே அடுத்த வாரம் அது நினைவில் இருக்காது. அப்படி ஆலோசகராக இருந்தவர்களில் ஒருவர் நரேன் சங்கர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பிற்பாடு அவர் முன்னின்று நடத்திய ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரைப் பார். கப்பல் வேகமெடுத்தால் உள்ளே இருப்பவர்கள் உடம்பு நசுங்குகிறது, தொலைவில் இருப்பவருக்குச் செய்தி போய்ச்சேர நேரம் ஆகிறது. அங்கே ‘டெக்’ தான் கதை.

நீ தொடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாயேஜரில் வழியில் சேர்ந்துகொள்ளும் கெஸ் என்ற பெண்ணின் ஓகாம்பா இனம் ஒன்பது வருஷம் வாழும். அவர்களில் ஒரு பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் கருத்தரிக்க முடியும் என்று ‘எலோஜியம்’ எபிசோடு சொல்கிறது. ஒரு பிரசவத்துக்கு ஒரு குழந்தை என்றால் இரண்டு பேருக்கு ஒருவர், தலைமுறைக்குத் தலைமுறை ஜனத்தொகை பாதியாகும். நூறு கோடிப் பேரில் தொடங்கினாலும் முப்பதாவது தலைமுறையில் ஒருவர்தான் மிஞ்சுவார். அவர்களோ பல நூறு தலைமுறையாக நிலத்தடியில் நகரம் கட்டி வாழ்கிறார்கள். “எங்களுக்கு ஒரே பிரசவத்தில் நான்கைந்து பிறக்கும்” என்று கெஸ் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும்.

பாத்திரங்களின் விசித்திர நடத்தை பற்றி எழுதியிருந்தாய். ஹாரி கிம் ஏழு வருஷமும் என்சைனாகவே, அதாவது அதிகாரிகளில் கடைசிப் படியிலேயே இருக்கிறான். டூவாக்குக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. டாம் பாரிஸைப் பதவியிறக்கி, சிறையில் போட்டு, பிறகு மறுபடி ஏற்றிவிடுகிறார்கள். கப்பலே ஆட்களோடு இரண்டாகிவிடும் ‘டெட்லாக்’ எபிசோடில் அசல் ஹாரி செத்தே போகிறான். அதன் பிறகு நாம் பார்ப்பது இரட்டைக் கப்பலிலிருந்து வந்தவனை. அவன் அதை நினைத்து ஒரு ராத்திரிகூடத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. அவனுக்கு நியாயம் செய்யவில்லை என்பதில் எனக்கும் வருத்தம்தான்.

ஆனால் இதைவிடக் கொடுமை, கதை ஓட்டையை ஒரு மனிதரின் குணத்தைக் கொண்டு அடைப்பது. ரொனால்ட் மூர் பின்னர் எடுத்த ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வில் ஹீரா ஒருத்திதான் மனிதரும், மனித உருவில் இருக்கும் இயந்திர இனமான சைலானும் கலந்து பிறந்த குழந்தை. 2007-இல் டைரல் என்ற பாத்திரமும் சைலான் என்று திடீரென வெளிப்படுகிறது. அவனுக்கும் மனிதப் பெண் கேலிக்கும் ஏற்கெனவே ஒரு பிள்ளை உண்டு. ஹீராவின் தனித்தன்மை போய்விடுமே! 2009-இல் அந்தப் பிள்ளைக்கு அப்பா வேறொரு விமானி என்று மாற்றிவிட்டார்கள். கேலி அதற்குள் செத்துப்போயிருந்தாள். தன் பக்கத்தைச் சொல்ல அவளால் முடியாது.

அதே தொடர் கணக்கை எப்படி மதித்தது என்பதையும் சொல்லாவிட்டால் அநியாயம். முதல் சீசனின் முதல் எபிசோடு ‘33’. 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வருகிறான், கப்பல்கள் தாவித் தப்புகின்றன. 130 மணி நேரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, 237 முறை தாவிவிட்டோம் என்கிறார்கள். 237-ஐ 33-ஆல் பெருக்கு: 7,821 நிமிடம், 130 மணி 21 நிமிடம். சரியாக இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் எண்ணிக்கை பல எபிசோடுகளின் தொடக்கத்தில் திரையில் வருகிறது, சாவுக்கும் பிறப்புக்கும் ஏற்ப மாறுகிறது. இப்படிப்பட்டவர்களே கேலிக்கு அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

உன் ஆடியோ தொடரின் முதல் மூன்று பாகங்களை இந்தக் கண்ணோடுதான் படித்தேன். ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்: வாயால் சொன்ன எண்கள், புதிதாக வந்த கருவி என்னவெல்லாம் செய்யும், காட்சி முடியும்போது யாருக்கு என்ன தெரியும். ஒவ்வொரு காட்சி எழுதியதும் நிரப்பு.

உன் கப்பலில் 40 பேர், 90 நாள் பயணம், 5,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. மூன்றாம் பாகத்தில் தண்ணீர்ப் பஞ்சம். விண்வெளி நிலையத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3.8 லிட்டர் என்பது நாசாவின் கணக்கு. உனக்கு 40 பேருக்கு 152 லிட்டர், 90 நாளைக்கு 13,680. ஆனால் சர்வதேச விண்வெளி நிலையம் 2023-இல் 98 சதவீதத் தண்ணீரைத் திரும்பச் சுத்திகரிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. உன் கதை நடப்பது 2140-இல். அந்தக் கணக்கில் 90 நாளில் வீணாவது 274 லிட்டர்தான், பஞ்சம் வரவே வராது. எனவே சுத்திகரிப்புக் கருவி கெட்டுப்போக வேண்டும், முதல் நாளே கெட வேண்டும், உன் எஞ்சினியர் அதை மறைக்க வேண்டும். அப்போது 33-ஆம் நாள் தொட்டி வறண்டுவிடும். இப்போது நீ 60-ஆம் நாள் என்று எழுதியிருக்கிறாய். அதை மாற்றிவிட்டு நான்காம் பாகத்தை அனுப்பு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மணி