அந்த 888 ரூபா எங்க போய்ச் சேருது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மகளிர் இலவச பஸ்ஸால ஒருத்தருக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு மாநில திட்டக் குழு ஆய்வுல சொன்னத பல தடவ படிச்சிட்டேன். 2021 மே மாசம் வந்த திட்டம், ரொம்ப நல்ல திட்டம், அதுல ரெண்டு பேச்சே கிடையாது. ஆனா திருப்புவனம் பக்கம் ஒரு கிராமத்துல மளிகைக்கடை வச்சிருக்கிற எனக்கு அந்தக் கணக்கு பாதியில நிக்கிற மாதிரி இருக்கு.

எங்க தெருவுல ஒரு அக்கா, போக வர டிக்கெட்டுக்கே கூலி கரைஞ்சிடும்னு வேலைக்கே போகாம வீட்ல இருந்தாங்க, இப்ப டவுன் பஸ் ஏறி மதுரைல ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போறாங்க. முன்னாடி டிக்கெட்டே எடுக்காதவங்களுக்கு டிக்கெட் காசு எப்படிங்க மிச்சமாகும்? அவங்களுக்குக் கெடச்சது முழுசா ஒரு சம்பளம், அது 888ஐ விட எவ்வளவோ பெருசு.

அதே அக்கா திரும்பி வரும்போது கீழமாசி வீதில பருப்பு, புளி எல்லாம் மொத்த விலைக்கு வாங்கிட்டு வந்துடுறாங்க. தப்பே இல்ல, நாலு காசு கொறையுற எடத்துலதான் யாரும் வாங்குவாங்க. ஆனா என் கடைல யாவாரம் கொறஞ்சதும் அதே பஸ்ஸாலதானே. நாங்க சிவகங்கை மாவட்டம், யாவாரம் மதுரை மாவட்டத்துக்குப் போகுது, அங்க சம்பாரிச்சது இங்க வருது, கூட்டிக் கழிச்சா ஊருக்கு லாபமாத்தான் இருக்கும்னு நம்புறேன், ஆனா யாராவது கழிச்சும் பாக்கணுமில்ல. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மொத்த வருமானம் எவ்வளவுன்னு அரசு போடுற மாவட்ட வருமானக் கணக்கு இருக்கேன்னு சொல்லலாம், அதுல நெறைய துறைக்கு மாநில மொத்தத்த எடுத்து மாவட்டத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் போடுறதுதான், ஒரு டவுன் பஸ் ஒரு கிராமத்த என்ன பண்ணுச்சுன்னு அதுல தெரியாது.

பக்கத்து ஊருக்கு தனியார் மினிபஸ் மட்டுந்தான், அங்க இலவசமே இல்ல. மாநில சராசரின்னு ஒரே நம்பரா போட்டா அந்த ஊரு அதுல காணாமப் போயிடுது.

அதனால அடுத்த ஆய்வ ஒன்றியம் வாரியா எடுக்கணும், பஸ் போற ஊரு போகாத ஊரு ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும், பஸ்ல போறவங்க கிட்ட மட்டுமில்லாம கடைக்காரங்க, மினிபஸ்காரங்க கிட்டயும் கேக்கணும். கண்டக்டர் மகளிருக்குன்னு தனி டிக்கெட் குடுக்குறாரு, அப்ப எந்த ரூட்ல எத்தன பேருன்னு கணக்கு இருக்கத்தான் செய்யும், மொதல்ல அத ரூட் வாரியா வெளியிடச் சொல்லி உங்க பேப்பர்ல எழுதுங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரர்,
திருப்புவனம் வட்டம்