‘வந்தது’ வேறு, ‘பறித்தது’ வேறு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

விவசாயிகள் சந்தை என்றாலே எங்கே விலை குறைவு என்றுதான் பேசுகிறோம். நான் விவசாயி வீட்டில் பிறந்தவள். போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள மூன்று சந்தைகளுக்கும் மூன்று மாதமாக மாறி மாறிப் போனேன். எந்தச் சந்தையானாலும் கலைகிற நேரத்தில் விலை இறங்கும் என்பதால், மூன்றுக்கும் விடிந்ததும் போய்விடுவேன். கீரைக் கட்டை வீட்டுக்கு வந்து நிறுத்துப் பார்த்தேன். கட்டு சிறுத்திருந்த இடத்தில் விலையும் குறைந்திருந்தது, அவ்வளவுதான். விலையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: “எப்போ பறிச்சது?”

முதல் சந்தை பெரியது, கூரை போட்டது. அங்கே பெரும்பாலும் கிடைத்த பதில், “காலையில வந்ததும்மா.” நான் பறித்ததைக் கேட்டேன், அவர்கள் வந்ததைச் சொன்னார்கள். அடுத்தடுத்து ஏழு கடைகளில் ஒரே நிறப் பெட்டி, ஒரே அளவுத் தக்காளி. செடியில் பெரிதும் சிறிதுமாகத்தானே காய்க்கும்? தரம் பிரித்து அனுப்பிய மொத்தச் சரக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது. மூன்றாவது சந்தையும் ஏறக்குறைய இதே கதைதான்.

இரண்டாவது சந்தை மரத்தடியில், பன்னிரண்டே கடை. “நேத்து சாயங்காலம் பறிச்சேன். மழை பிடிச்சுக்கிச்சு, ரெண்டு பாத்தி அப்படியே நிக்குது” என்றார் ஒரு பெரியவர். விளைவித்தவரிடம் மட்டும்தான் இப்படி ஒரு பதில் இருக்கும். கேரட்டைத் தழையோடு வைத்திருந்தார். தழை கிழங்கின் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால் தொலைவு போகிற சரக்கில் அதை நறுக்கிவிடுவார்கள். வாடாத தழையைப் பார்த்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

பறித்த நேரத்தை நான் இவ்வளவு வற்புறுத்திக் கேட்கக் காரணம் உண்டு. இனிப்புச் சோளத்தைப் பறித்த கணத்திலிருந்து அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கும், வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. தக்காளியைச் சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நாள் வைத்தால் மணம் போய்விடும், நிறம் மட்டும் நிற்கும். தொட்டுப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. விற்கிறவர் சொன்னால்தான் உண்டு.

வாங்கி விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதுவும் உழைப்புத்தான். ஆனால் விவசாயிகள் சந்தை என்று பலகை மாட்டிய இடத்தில், யார் விளைவித்தவர், யார் வாங்கி விற்பவர் என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கடை முன்பும் ஒரு சிறு கரும்பலகை போதும்: விளைந்த ஊர், பறித்த நாள். சந்தையை நடத்துபவர்கள் இதைக் கட்டாயமாக்க வேண்டும். உங்கள் நாளிதழும் இதை எடுத்து எழுத வேண்டும்.

இன்னொன்று. கூரை இருக்கும் சந்தையில் வாங்கி விற்கும் சரக்கு நிழலில் இருக்கிறது. மரத்தடிச் சந்தையில் ஒன்பது மணிக்கெல்லாம் நிழல் விலகி, அந்தப் பெரியவர் ஈரச் சாக்கைக் கீரைமேல் போட்டுவிட்டுத் தான் வெயிலில் நிற்கிறார். பன்னிரண்டு கடைக்கு ஒரு கூரையும் ஒரு தண்ணீர்க் குழாயும் முதலில் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி