வந்த திசை ஏன் தெரிவதில்லை?

அன்புள்ள அம்முவுக்கு,

நட்சத்திர ஒளி வந்த திசையில் பார்த்தால் நட்சத்திரம் இருக்கிறது, விண்வெளியிலிருந்து பூமியில் வந்து விழும் காஸ்மிக் கதிருக்கு மட்டும் ஏன் அது சரிவருவதில்லை என்று போனில் கேட்டாய். அதைப் பேசி முடிக்க முடியாது, எழுதத்தான் வேண்டும்.

பெயர்தான் கதிர். உண்மையில் அவை துகள்கள், பெரும்பாலும் புரோட்டான்கள். மின்னூட்டம் இருப்பதால் காந்தப்புலத்தில் நேராகப் போக முடியாது, புலத்தின் திசையைக் காட்டும் புலக்கோட்டைச் சுற்றிச் சுருளாகத்தான் போகும். நம் நட்சத்திர மண்டலமான பால்வெளியின் காந்தப்புலம் பூமியுடையதைவிட ஏறக்குறைய லட்சம் மடங்கு பலவீனமானது. ஆனாலும் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டானை ஓரிரு கோடி கிலோமீட்டர் ஆரத்தில் சுழல வைக்க அது போதும். நட்சத்திரங்களுக்கு இடையே அதெல்லாம் ஒரு தூரமே இல்லை.

அந்தப் புலமும் சீராக இல்லை, எங்கும் நெளிவுகள். ஆனால் எல்லா நெளிவும் துகளைத் திருப்பிவிடாது. மிகச் சிறியவற்றின் தள்ளல்கள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிகப் பெரியவற்றோடு துகள் சேர்ந்தே வளைந்து போய்விடும். நெளிவின் நீளம் சுழற்சி ஆரத்துக்கு ஒத்துவந்தால்தான் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளல் ஒரே பக்கம் விழுந்து, போகும் கோணம் மாறும். இது திரும்பத் திரும்ப நடந்தால் புறப்பட்ட திசைக்கு ஏது சுவடு?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கூட்டமாக ஒரே பக்கம் விரையும் துகள்கள் அந்த நெளிவுகளைத் தாங்களே எழுப்புகின்றன, அவற்றில் தாங்களே மாட்டிக்கொள்கின்றன. தானே போட்டுக்கொண்ட வேகத்தடை!

எத்தனை காலம் அலைகின்றன என்று அடுத்துக் கேட்பாய், தெரியும். வழியில் கனமான அணுக்கருக்கள் மோதி உடைவதில் பெரிலியம்-10 என்ற, தானே சிதையும் அணுக்கரு பிறக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 14 லட்சம் ஆண்டுகள். அதில் எவ்வளவு சிதையாமல் வந்து சேர்கிறது என்று பார்த்தால், அலைச்சல் கோடி ஆண்டுக் கணக்கில் வருகிறது. நேராக வந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகியிருக்கும்.

ஆற்றல் மிக மிக அதிகமானால் வளைவு குறையும். சரி, அவற்றையாவது பின்தொடரலாமே என்றால், அவை வருவதே அபூர்வம். அதனால்தான் அர்ஜென்டினாவில் பியர் ஓஷே ஆய்வகம் சுமார் 3,000 சதுர கிலோமீட்டரில் கருவிகளைப் பரப்பி வைத்திருக்கிறது. வானத்தின் ஒரு பக்கத்திலிருந்து அவை சற்றுக் கூடுதலாக வருகின்றன, அந்தப் பக்கம் பால்வெளியின் மையம் அல்ல என்று 2017-ல் அவர்கள் அறிவித்தார்கள். அப்படியானால் பால்வெளிக்கு வெளியிலிருந்துதான் வருகின்றன. எந்த நட்சத்திர மண்டலத்திலிருந்து என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

அன்புடன்,
அப்பா